எல்லாத் தேர்தலுக்கும் ஒரே தேசிய அமைப்பு வந்தால்?

கோட்டைவாசி:
எம்.பி. தேர்தலை டெல்லியில் இருக்கிற இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துது, ஊராட்சித் தேர்தலை மாநில ஆணையம். மாவட்டத்தைப் பிரித்ததில் நம்ம வேலூரில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபர் வரை இழுத்தது. எல்லாவற்றுக்கும் சுதந்திரமான ஒரே தேசிய அமைப்பு வைத்தால் என்ன?

குடியாத்தத்தான்:
அதற்கு அரசியலமைப்பையே திருத்தணும், மாநிலங்கள் சும்மா விடுமா? அப்புறம், ஆணையர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து பரிந்துரைக்கட்டும் என்றது. டிசம்பரில் வந்த சட்டம் நீதிபதியை எடுத்துவிட்டு மத்திய அமைச்சரை உட்காரவைத்துவிட்டது. இதில் எங்கே சுதந்திரம்?

ஆம்பூர்காரன்:
2019-ல் பணம் பிடிபட்டதும் நம்ம வேலூர் எம்.பி. தொகுதித் தேர்தலையே நிறுத்தினார்களே அண்ணே, ஆகஸ்ட்டில்தானே ஓட்டுப் போட்டோம்?

குடியாத்தத்தான்:
சரிதான் தம்பி, ஆனால் அதுவும் ஆணையம் பரிந்துரைத்து ஜனாதிபதி ரத்து செய்தது.