பாட்டியின் 90 வருட வாழ்க்கையைச் சிறு புத்தகமாக்க: எங்கிருந்து தொடங்குவது?

பெஸ்தாரி_பேத்தி

வணக்கம். எங்கள் பாட்டிக்கு இந்த வருடக் கடைசியில் 90 வயது நிறைகிறது. அன்றைக்கு உறவினர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று பேத்தி பேரன்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

பாட்டி பிறந்தது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினேழு வயதில் கல்யாணம், பிறகு வேறு தோட்டம், ஏழு பிள்ளைகள். சில வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், மற்றபடி வீடுதான். மாரியம்மன் கோயில் சமையல், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிள்ளைப்பேறு என்றால் ஒத்தாசை, சாவு வீட்டுக்கு அரிசி பருப்பு திரட்டுவது எல்லாம் பாட்டிதான் முன்னால் நிற்பார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தோட்டம் விற்றதும் தாமானுக்கு (டவுன் குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டார்கள்.

ஞாபகம் தெளிவாக இருக்கிறது, காது மட்டும் மந்தம். ஆனால் கேட்டால் "என்ன இருக்கு சொல்ல, ஆக்கிப் போட்டேன், புள்ளைங்கள வளத்தேன்" என்பதோடு முடித்துவிடுகிறார். கையில் இருப்பது ஐ.சி.யும் (அடையாள அட்டை) பத்துப் பதினைந்து படங்களும்தான். கல்யாணத் தேதிகூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. என்ன கேட்பது, எங்கே தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்மொழி_சேகரம்

"உங்க வாழ்க்கையச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் இந்தப் பதிலைத்தான் சொல்வார். வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்.

மூன்று பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஒரு சாதாரண நாள். அதை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை சொல்ல வையுங்கள். அடுப்பு எரிந்தது ரப்பர் கட்டையிலா, அதைப் பிளந்தது யார்? தண்ணீர் பொதுக் குழாயா கிணறா, ஒரு நாளைக்கு எத்தனை வாளி? பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) மணி அடிக்கும்போது சோறு வெந்திருக்குமா? கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விடுகிறபோது கூட என்ன கொடுத்து அனுப்புவார்? நிரையில் (மர வரிசையில்) ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது பால் கட்டிய மார்புக்கு என்ன செய்தார்? கடைசிக் கேள்வியைப் பெண்கள் மட்டும் இருக்கும்போது கேளுங்கள். அதற்கு வரும் பதிலை எந்தப் பதிவேட்டிலும் தேடி எடுக்க முடியாது.

பிறகு இதே கேள்விகளை மூன்று வேறு நாட்களுக்குக் கேளுங்கள்: மழை நாள், சம்பள நாள், திருவிழா நாள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அன்றைக்கு அடுப்பில் என்ன ஏறியது என்பதிலேயே ஒரு குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும். சம்பள நாளில் கடைக்காரர் 555 நோட்டில் எழுதி வைத்திருந்த கடன் போக மீதி யார் கைக்கு வந்தது, கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) யாரிடம் கட்டினார் என்று கேளுங்கள்.

பதிவு செய்யும் முறை:

காலையில் குளித்துச் சாப்பிட்டபின், ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். கைப்பேசியை விமான முறையில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேசைமேல் வெறுமனே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்து, கத்தாமல் குரலைத் தாழ்த்தி மெதுவாகப் பேசுங்கள். கத்தினால் குரல் கீச்சென்று உயரும். வயதான காதுக்குக் கீச்சுக்குரல்தான் முதலில் கேட்காமல் போகும்.

அத்தை, சித்தி யாரையும் அறையில் வைக்காதீர்கள். "இல்லம்மா, அது அந்த வருஷம் இல்ல" என்று யாராவது திருத்த ஆரம்பித்தால் பாட்டி வாயை மூடிவிடுவார். அவர்களைத் தனித்தனியாகப் பிறகு கேட்கலாம்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது பெரட்டு, கிராணி (எழுத்தர்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய பால்) என்று அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். அவர் பேச்சை இலக்கணத் தமிழாக்கிவிட்டால் பேசுவது பாட்டியாக இருக்காது.

பழைய_பதிவேடு

தேதிகளுக்கு நான் சொல்கிறேன்.

முதலில் ஐ.சி. எண். இப்போதுள்ள 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி. ஏழாவது எட்டாவது இலக்கம் பிறந்த இடம். 10 என்றால் சிலாங்கூர், 08 பேராக், 02 கெடா, 01 ஜொகூர், 75 இந்தியா. ஆனால் ஐ.சி.யில் உள்ள தேதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். தோட்டத்தில் பிறந்த பிள்ளையைப் பதிய அப்பா டவுனுக்குப் போகத் தாமதமானது உண்டு. பதிவிலாகாவில் பிறப்புச் சான்றிதழின் சாபுத்தான் (பதிவேட்டு நகல்) விண்ணப்பித்து வாங்குங்கள். அதில் பிறந்த தேதி ஒன்று, பதிந்த தேதி ஒன்று என இரண்டு இருக்கும். பிறந்த இடத்தில் தோட்டத்தின் பெயரும் கிடைக்கும்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் தகராறு வரும். ஒரே அப்பாவின் பெயரை ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழிலும் கிராணி ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார். லட்சுமி லெட்சுமியாகியிருப்பார். எல்லா மாதிரியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தோட்டத்துக்கும் இரண்டு பெயர்: கம்பெனி பதிந்தது ஒன்று, நம்மவர்கள் கூப்பிட்டது ஒன்று. இரண்டும் வேண்டும். ஊர்ப் பெயரும் மாறியிருக்கிறது. உங்கள் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம், தெலுக் ஆன்சன்தான் தெலுக் இந்தான். புத்தகத்தில் அந்தந்தக் காலத்துப் பெயரைப் போட்டு, முதல் தடவை மட்டும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பாட்டி "தாது வருசம், ஐப்பசி, சதய நட்சத்திரம்" என்கிற மாதிரி சொன்னால் அதிர்ஷ்டம். தாது வருடம் 1936 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1937 ஏப்ரல் நடுவில் முடிந்தது. அதற்குள் அந்த மாதத்தில் அந்த நட்சத்திரம் பெரும்பாலும் ஒரே நாளில்தான் வரும், பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துவிடலாம்.

கல்யாணத்துக்குச் சான்றிதழ் இல்லாதது வழக்கமானதுதான். 1982 மார்ச் 1-இல் புதிய திருமணச் சட்டம் நடப்புக்கு வரும்வரை, வீட்டிலும் கோயிலிலும் நடந்த கல்யாணங்களைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு வழி இருக்கிறது. சீர் வந்த குடம், அண்டா, தாம்பாளம் இருந்தால் கழுத்தையும் விளிம்பையும் பாருங்கள். கொடுத்தவர் பெயர், தேதி புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். தேய்ந்து தெரியாமல் போயிருந்தால் திருநீற்றைத் தடவி மேலாகத் துடையுங்கள், குழியில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பும். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள், முத்திரை இருக்கும்.

பாட்டி பால் வெட்டிய வருடங்களுக்கு டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) 1951-இல் வந்தது, பழைய கணக்குத் தாள் இருந்தால் தோட்டத்தின் பெயர் அதில் இருக்கும். தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் அமைந்தது, அதன் உறுப்பினர் அட்டை கிடைக்கலாம். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்று கிடைத்தால் அதைப் படம் எடுத்து வைப்பதோடு விடாதீர்கள். பங்கு இன்னும் பாட்டி பெயரில் இருக்கிறதா, வாரிசு பெயர் கொடுத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

எதுவும் கிடைக்காத வருடங்களுக்குப் பிள்ளைகளின் பிறப்புத் தேதிதான் ஆணி. ஒரு நீளத் தாளில் ஏழு பிள்ளைகளையும் வரிசையாக எழுதுங்கள். நடுநடுவே ஜப்பான்காரன் காலம் (1941 டிசம்பர் – 1945 செப்டம்பர்), அவசரகாலம் (1948–1960), மெர்டேக்கா (1957 சுதந்திரம்), 1969 மே 13 கலவரம் ஆகியவற்றைப் போடுங்கள். "லயத்துக்கு கரண்டு வந்தப்ப யாரு வயித்துல இருந்தா?" என்று கேட்டால் வருடம் தானாக விழும்.

மணியிலும் கவனம். தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1-க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முந்திய "அஞ்சு மணி" இன்றைய ஐந்தரை. ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம், ஒன்றரை மணி கூடுதல். ஆகவே "மணி ஏழு, ஆனா இருட்டு" என்று பாட்டி சொன்னால் அவர் குழம்பவில்லை.

பெஸ்தாரி_பேத்தி

மிக்க நன்றி ஐயா. குடத்தை எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பாட்டியின் சமையலையும் கோயில் வேலையையும் சேர்க்க வேண்டும், ஆனால் "கொஞ்சம் போடு, பதமாப் பாத்து இறக்கு" என்கிறார், அளவே இல்லை. இரண்டாவது, ஒரு பிள்ளை கைக்குழந்தையிலேயே தவறியது. ஒரு அத்தை தத்தெடுத்த சீனக் குழந்தை. இவற்றை எழுதலாமா?

அடுப்படி_அக்கா

தங்கச்சி, அளவை வாயால் கேட்காதே, தராசால் கேள். பாட்டி சமைக்கும்போது பக்கத்தில் தராசையும் ஒரு சின்னக் கிண்ணத்தையும் வை. சட்டியில் போடுவதற்கு முன் கிண்ணத்தில் போடச் சொல்லி நிறுத்துக் குறித்துக்கொள். உப்பு, புளி, மல்லித்தூள் எல்லாம் அப்படித்தான். இரண்டு தடவை எடு, ஏனென்றால் முதல் தடவை நீ பார்க்கிறாய் என்று கை சுருங்கும். புளியைக் கொட்டை நீக்கி நிறு. அரிசிக்குப் பால் டின் என்றால் அவர் வைத்திருக்கும் அதே டின்னில் அள்ளி நிறு, டின்னுக்கு டின் வித்தியாசம் உண்டு.

பழைய நிறை, முகத்தல் கணக்கு சொன்னால்: 1 காத்தி 605 கிராம், அதில் 16 தயில், 1 தயில் ஏறக்குறைய 38 கிராம். 1 கந்தாங் 4.55 லிட்டர். கோயில் கஞ்சிக்கு "ரெண்டு கந்தாங் அரிசி" என்றால் இதை வைத்துக் கணக்குப் போடலாம். ஆனால் தண்ணீரை மட்டும் அப்படியே பெருக்காதே. வாய் அகன்ற அண்டாவில் விறகு அடுப்பில் ஆவியாகிற தண்ணீர் வேறு, வீட்டில் கேஸில் மூடி போட்டு வைக்கும்போது வேறு. பாத்திரத்தின் வாய் அகலத்தையும், இறக்கும்போது கஞ்சி எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதையும் எழுது.

பாட்டி சொல்லாமல் விடுவதுதான் முக்கியமானது. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படாது. தேங்காயின் முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விட்டால் திரிந்துபோகும், அதனால் நுரை கட்டும்போதே இறக்கிவிடுவார். குறிப்பில் வெறும் "பால் ஊற்றவும்" என்று இருந்தால் படிக்கிறவர் குழம்பைக் கெடுத்துவிடுவார். ஒவ்வொரு படியிலும் "இப்படிச் செய்யாட்டி என்ன ஆகும் பாட்டி?" என்று கேள்.

கோயில் வேலைக்குக் கும்பாபிஷேக மலர், பழைய ரசீதுக் கட்டை, சுவரில் பதித்த உபயக் கல் மூன்றையும் பார். பெண்கள் செய்த வேலை பெரும்பாலும் கணவர் பெயரில்தான் இருக்கும், அதனால் தாத்தா பெயரையும் தேடு. தோட்டம் விற்றதும் கோயில் இடம் மாறியிருந்தால் பழைய கல்லைப் புதுக் கோயிலின் பின்பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள். பாட்டியோடு சேர்ந்து அடுப்படியில் நின்றவர் ஒருவராவது இருப்பார். அவரையும் பாட்டியையும் ஒன்றாக உட்கார வைத்து, "நூறு பேருக்குச் சமைக்க யார் யார் என்னென்ன செய்வீங்க?" என்று கேள். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்துக்கொண்டு போவார்கள்.

வாய்மொழி_சேகரம்

தவறிய குழந்தை பற்றிப் பாட்டியிடமே கேளுங்கள், பிள்ளைகளிடம் அல்ல. அவர் பெயரைச் சொன்னால் வம்ச மரத்தில் மற்றப் பிள்ளைகளோடு அந்த வரிசையில் அந்தப் பெயரும் இருக்க வேண்டும். பெயர் வைக்கும் முன்பே போயிருந்தால் "மூன்றாவது, பெண்" என்று எழுதினால் போதும். நோய் விவரம் வேண்டாம்.

அத்தையைப் பற்றிய முடிவு முழுக்க முழுக்க அத்தையுடையது. தோட்டங்களில் சீனக் குழந்தைகளை நம்மவர்கள் எடுத்து வளர்த்தது பலரும் அறிந்ததுதான். ஆனாலும் அவருடைய பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் தெரியுமா என்பது உங்களுக்குத் தெரியாது. எழுதிய பக்கத்தை அப்படியே அவரிடம் தனியாகக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் "ஏழு பிள்ளைகள்" என்ற இரண்டு சொல்லோடு விடுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை.

ஜாதி, சொத்துத் தகராறு, ஓடிப்போன கதை இவற்றைப் பதிவில் வைத்துக்கொள்ளலாம், புத்தகத்தில் வேண்டாம். ஒலிக்கோப்பை வாட்சாப் குழுவில் போடாதீர்கள்.

அச்சுக்கோர்ப்பு

அச்சு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஏ5 அளவு, நடுவில் பின் அடித்தது போதும். பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 32 அல்லது 36. 32 பக்கமென்றால் வம்ச மரத்தை 16, 17-ஆம் பக்கத்தில் போடுங்கள். அது மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே தாளாக விரியும், பெயர்கள் மடிப்பில் வெட்டுப்படாது. எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது, படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடிக்காரர்கள்.

சிறிய பழைய படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் ஆல்பத்தோடு படம் எடுங்கள். ஃபிளாஷ் கூடாது.

தமிழில் அடிக்கடி நடக்கும் கோளாறு: உங்கள் கணினியில் "கொ" சரியாக இருக்கும், அச்சகத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யாராவது கொடுத்தால் முதலில் மாற்றுங்கள். அச்சகத்தில் இன்டிசைன் பயன்படுத்தினால் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் கொடுத்து, முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து வாங்குங்கள். அதைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டி, பெயர்களையெல்லாம் அவர் வாயால் சரிபார்த்தபின் மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். விழாவுக்கு ஆறு வாரம் முன்பாவது இந்த முதல் பிரதி கையில் இருக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் அச்சகங்களில் அழைப்பிதழ், நாள்காட்டி வேலை குவிந்துவிடும்.