லண்டன்–பாரிஸ்: விமானமா, ரயிலா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
நேர்க்கோட்டில் சுமார் 345 கிலோமீட்டர்தான். ஆனால் விமான நேரத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போகும்போது காலை 10 மணிக்குக் கிளம்பி 12.20க்கு இறங்குகிறது. வரும்போது 10 மணிக்குக் கிளம்பினால் 10.20க்கே லண்டன்! இதென்ன கணக்கு? ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்குப் பாரிஸில் இருக்கிற லா சப்பல் போகிறோம். விமானமா, கடலடிச் சுரங்கம் வழியாகப் போகிற யூரோஸ்டார் ரயிலா?

தண்டவாளம்:
பாரிஸ் மணி லண்டனை விட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அந்தந்த ஊர் நேரத்தைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் 1 மணி 20 நிமிடம். அதிலும் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம் சொச்சம், மிச்சம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் வரவும். ரயில் பாதை 492 கிலோமீட்டர், 2 மணி 20 நிமிடம். ஆனாலும் வீட்டுக்கு வீடு பார்த்தால் ரயில்தான் முந்தும். யோசிக்கவே வேண்டாம்.

ஹவுன்ஸ்லோ அண்ணன்:
யோசிக்கத்தான் வேண்டும் தம்பி. யூரோஸ்டார் கிளம்புகிற லண்டன் ஸ்டேஷன் செயின்ட் பாங்க்ராஸில் ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பதை மட்டும் ரயில்காரர்கள் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அங்கேயும் பை சோதனை, பாஸ்போர்ட் வரிசை எல்லாம் உண்டு. எனக்கு ஹீத்ரோ பக்கத்திலேயே. அக்கா வீடு பாரிஸுக்கு வெளியே வில்பெந்த். பாரிஸ் விமான நிலையம் சார்ல் த கோலில் இறங்கினால் ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயிலில் நாலு நிறுத்தம்கூட இல்லை. யூரோஸ்டார் போய் நிற்கிற பாரிஸ் ஸ்டேஷன் காரே து நோர் வரை போய்த் திரும்பி வர எனக்கென்ன தலையெழுத்தா?

தண்டவாளம்:
அது உங்கள் வீட்டுக் கணக்கு அண்ணா. கேட்டவர் ஈஸ்ட் ஹாம். அங்கே ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் பாதாள ரயிலில் ஏறினால் மாறாமல் செயின்ட் பாங்க்ராஸை ஒட்டிய கிங்ஸ் கிராஸ். பிரெஞ்சு அதிகாரிகள் செயின்ட் பாங்க்ராஸிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். காரே து நோரில் இறங்கி நேரே வெளியே நடக்கலாம், லா சப்பல் நடை தூரம். விமானத்தில் போனால் அந்த வரிசை இறங்கிய பிறகு. அப்புறம் ஊருக்குள் வர இன்னும் 25 கிலோமீட்டர்.

ஹவுன்ஸ்லோ அண்ணன்:
2009 டிசம்பர் பனியில் ஐந்து ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்றுபோனதே, அதையும் சொல்லுங்கள். பொடிப்பனி மின்கருவிக்குள் புகுந்து, சுரங்கச் சூட்டில் உருகி, இரவெல்லாம் சனம் உள்ளே கிடந்தது.

தண்டவாளம்:
நாலு மாதம் கழித்து, 2010 ஏப்ரலில், ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நாள்கணக்கில் தரையில் கிடந்தபோது எல்லோரும் எதில் ஏற ஓடினார்கள்?

நிலாமகள்:
இரண்டு பேரும் பழங்கதையை விடுங்கள். கல்யாணம் என்றால் சீலை, பலகாரம் எல்லாம் இருக்கும். யூரோஸ்டாரில் ஆளுக்கு இரண்டு பெட்டி டிக்கெட்டிலேயே அடக்கம். மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனிக்காசு, அதோடு டிக்கெட் மலிவு போய்விடும்.

ஹவுன்ஸ்லோ அண்ணன்:
சரி, ஆகஸ்ட் சனிக்கிழமை யூரோஸ்டார் விலையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் தங்கச்சி.

ஈஸ்ட்ஹாம்வாசி:
பார்த்தேன். வெள்ளியும் சனியும் எகிறிக் கிடக்கிறது. புதன்கிழமை ரயில்தான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது. லீவு கேட்டுப் பார்க்கிறேன்.