நியூட்டனுக்கு ஒரு நீதி, மெக்கன்ரோவுக்கு ஒரு நீதியா?

கேள்வி: 2017 அக்டோபரில் பெண் நிருபர் ஒருவர் ரிசீவர்களின் (பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்டக்காரர்களின்) ஓட்டப்பாதை பற்றிக் கேட்டதும், பெண் இதைப் பேசுவது வேடிக்கை என்று சிரித்தார் அமெரிக்கக் கால்பந்தின் கறுப்பின நட்சத்திரம் கேம் நியூட்டன். அவரை விளம்பரத்தில் வைத்திருந்த டேனன் தயிர் நிறுவனம் உடனே கைகழுவியது. அதே ஆண்டு ஜூனில், செரீனா வில்லியம்ஸ் ஆண்கள் டென்னிஸில் 700ஆவது இடத்தில் இருப்பார் என்ற வெள்ளையரான முன்னாள் டென்னிஸ் சாம்பியன் ஜான் மெக்கன்ரோ வர்ணனையாளராகவே தொடர்ந்தார். நிறம்தானே காரணம்?

பதில் 1: நிறம் மட்டும் என்றால் கணக்கு உதைக்கும். நியூட்டன் சொன்னது வேலையில் இருந்த பெண்ணிடம், முகத்துக்கு நேரே. மெக்கன்ரோ சொன்னது வானொலிப் பேட்டியில். ஆனால் நியூட்டன் மறுநாளே காணொளியில் மன்னிப்புக் கேட்டார், மெக்கன்ரோ மன்னிப்புக் கேட்க மறுத்தார். இடிப்பது அங்கேதான்.

பதில் 2: இந்த இருவரை ஒப்பிடுவதே தப்பு. 2016 இந்தியன் வெல்ஸ் டென்னிஸ் போட்டியை எடுங்கள். பெண்கள் டென்னிஸை மட்டம்தட்டிய போட்டி இயக்குநர் ரேமண்ட் மூர், வெள்ளையர்தான், பதவி விலகினார். ஆண்களுக்குக் கூடுதல் பரிசு கேட்ட டென்னிஸ் வீரர் ஜோகோவிச், அவரும் வெள்ளையர், மன்னிப்போடு தப்பினார்.

பதில் 3: நியூட்டனிடம் கேள்வி கேட்ட அந்த நிருபரின் பழைய இனவெறி ட்வீட்டுகளும் வெளிவந்து, அவரும் மன்னிப்புக் கேட்டாரே? அதை ஏன் விட்டீர்கள்?