கிராண்ட் கேன்யனுக்குக் கிளம்பி, கொக்கு பார்த்துவிட்டு வந்த கதை

டல்லாஸிலிருந்து:

மார்ச் விடுமுறைக்கு ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து கிராண்ட் கேன்யன் போவதாக இருந்தோம். 25 அடி வண்டி, மாமனார் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு குக்கர், ஒரு டப்பா புளிக்காய்ச்சல். 287ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து அமரில்லோ, அங்கிருந்து ஐ-40 நெடுஞ்சாலையில் மேற்கே. ஒரு வாரமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது மழை வருமா என்பதை மட்டும்தான். நம்ம ஊர்ப் புத்தி. வானிலை கெடுவது என்றாலே மழை. சொட்டு மழைகூட இல்லை என்று காட்டியது, நிம்மதியாக இருந்தேன்.

முந்தின நாள் இரவு தற்செயலாகக் காற்று நிலவரத்தைத் திறந்தால், அமரில்லோ இருக்கும் டெக்சஸின் வட மூலையான பான்ஹேண்டில் முழுக்க ‘ஹை விண்ட் வார்னிங்’, அதாவது பலத்த காற்று எச்சரிக்கை. காற்று தொடர்ந்து மணிக்கு 40 மைல், இல்லாவிட்டால் வீச்சு 58 மைல் என்ற அளவுக்குப் போனால்தான் அதைக் கொடுப்பார்கள். காராக இருந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த சுவர். வரைபடத்தைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது: 287 வடமேற்காகப் போகிறது, காற்று தென்மேற்கிலிருந்து. ஐந்தாறு மணி நேரம் விலாவிலேயே அடி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

வாடகை ஆபீசுக்கு போன் போட்டேன். தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்பாது என்றார்கள். எனக்கு எரிச்சல். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார், “மாப்பிள்ளை, வண்டியைத்தானே வாடகைக்கு எடுத்தீங்க? கேன்யனை எடுக்கலையே?” என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

கிழக்கே ஆர்கன்சா பக்கம் இடிமழை எச்சரிக்கை. தெற்கு மட்டும் பரவாயில்லை. கடலோர ஊரான ராக்போர்ட்டில் கூஸ் ஐலேண்ட் ஸ்டேட் பார்க்கில் இடமே இல்லை. ராத்திரி ஒரு மணி வரை பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, யாரோ ரத்து செய்த இரண்டு இரவுகளைப் பிடித்தேன். பழைய திட்டப்படி அமரில்லோ பக்கம் முன்பதிவு செய்திருந்த பாலோ டூரோ கேன்யன் முகாம் கட்டணத்தில் பாதி போச்சு. போகட்டும்.

அங்கேயும் கடல் காற்றுதான். ஆனால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது அது வேறு விஷயம். வெளிப்பந்தலை மட்டும் சுருட்டி வைத்துவிட்டோம். மறுநாள் காலை அரான்சாஸ் சதுப்பில் வூப்பிங் கிரேன் என்ற பெரிய வெள்ளைக் கொக்கைப் பார்த்தோம். ஐந்தடி உயரம், மாமியார் தோள் தாண்டும். கனடாவிலிருந்து 2,500 மைல் பறந்து வந்து குளிர்காலம் தங்குகிற கூட்டம். 1941இல் இதில் இருபதுகூட மிஞ்சவில்லை, இப்போது ஐந்நூறுக்கு மேல். திரும்பிப் போகும்போது தென்காற்று வாகாக வரும்வரை காத்திருந்து கிளம்புமாம். “கொக்குக்குத் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மாமியார் என்னைப் பார்த்தார்.

டென்வரிலிருந்து:

நீங்கள் மாற்றினீர்கள், நாங்கள் மாற்றவில்லை. சால்ட் லேக்கிலிருந்து வயோமிங் வழியாக ஐ-80இல் திரும்பும்போது, ராலின்ஸில் பலகை எரிகிறது: உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்குப் பாதை மூடல். நம் வண்டி ஆறேழு டன், அது எப்படி லைட் ஆகும் என்று என் வீட்டுக்காரர் வாதம். சரக்கில்லாத டிரக்கையே அங்கே லைட் என்பார்கள் என்று பெட்ரோல் பங்கில் ஒரு டிரைவர் சொன்ன பிறகுதான் அடங்கினார். டிரக் நிறுத்தத்தில் காற்றுக்கு மூக்கைக் காட்டி நிறுத்தி, பத்தொன்பது மணி நேரம். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. குழந்தை மட்டும் சுகமாகத் தூங்கினாள். மறுநாள் எல்க் மவுண்டன் தாண்டும்போது ஒரு டிரெய்லர் பக்கவாட்டில் கிடந்தது.

மழை இல்லை என்று நம்பிக் கிளம்புவதைப் பற்றிச் சொன்னீர்களே, ரொம்பச் சரி. 2025 மார்ச் 14 அன்று கன்சாஸில், ஐ-70இல் புழுதிக் காற்றில் 71 வண்டிகள் மோதி 8 பேர் இறந்தார்கள். நாங்கள் அடிக்கடி போகிற ரோடு அது.

ஹூஸ்டனிலிருந்து:

என் கதை கொஞ்சம் அசட்டுத்தனமானது. மே மாதம், ஓக்லஹோமாவில் எல் ரீனோ பக்கம் முகாம். இரவு பதினோரு மணிக்கு நான்கு போனும் ஒரே நேரத்தில் அலறுகின்றன. ‘டார்னேடோ வார்னிங், கனடியன் கவுண்டி’. டார்னேடோ என்றால் சுழற்காற்று, கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அண்ணன் கண்ணைத் திறக்காமலே, “கனடாவுக்குடா, படு” என்றான். எச்சரிக்கை கவுண்டி பெயரில்தான் வரும், நாம் எந்தக் கவுண்டியில் நிற்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வண்டித் தாத்தா கதவைத் தட்டி, “ஆர்.வி.க்குள் இருக்காதீங்க” என்று இழுத்துக்கொண்டு போனார். குளியலறைக் கட்டடம் மட்டும்தான் அங்கே கான்கிரீட். அதில் நாற்பது பேர், மூன்று நாய், அண்ணி கையில் பாஸ்போர்ட் பை. சுழற்காற்று வடக்கே விலகிப் போய்விட்டது. காலையில் அடுத்த ஊர் முன்பதிவை ரத்து செய்துவிட்டு நேரே வீடு வந்தோம்.

இப்போதெல்லாம் முகாமில் வண்டியை நிறுத்தியதும் கவுண்டி பெயரை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவது அண்ணன் வேலை.