ட்ரெய்ன் போல்ட் வாஷர்: மாத்தணுமா, வேணாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
டொயோட்டா அக்வா ஹைபிரிட் காருக்கு எஞ்சின் ஒயில் மாத்த சேர்விஸ் ஸ்டேஷன்ல கியூ நிக்கிறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. 0டபிள்யூ-20 ஒயில் நாலு லீட்டர் கேன் ஒண்ணு, பில்டர் ஒண்ணு, 14 ஸ்பானர் ஒண்ணு, அவ்வளவுதான் சாமான். ஒவ்வொரு தரமும், பழைய ஒயிலை வடிக்கக் கழட்டுற ட்ரெய்ன் போல்டுட வாஷர் புதுசு போடணும்னு சொல்றது பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரன்ட வியாபாரம். பழசையே போட்டுப் பூட்டுங்க, ஒண்ணும் ஆகாது.

சம்ப்_சாமி:
"ஒண்ணும் ஆகாது." நல்லா இருக்கு. அந்த வாஷர் நசுங்கத்தான் செஞ்சு வச்சிருக்கு. நசுங்கி, போல்ட் தலைக்கும், எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புட முகத்துக்கும் நடுவுல இருக்கிற மேடு பள்ளத்தை அடைக்குது. ஒரு தரம் நசுங்கினது, ரெண்டாந்தரம் அதே இடத்துல அதே மாதிரி உட்காராது. லேசாக் கசியும். உடனே இவரு கீழ படுத்து ஸ்பானரை இன்னும் கால் சுத்து இழுப்பாரு. அடுத்த தரம் இன்னொரு கால் சுத்து. போல்ட் மரை அழிஞ்சு போறது இப்படித்தான். ஒரு பிளேன்ரீயும் ரோல்ஸும் குடிச்சுச் சாப்பிடுற காசு. வாஷரை மாத்துங்க.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்வாவுக்குக் கீழ் சம்ப் இரும்புத் தகடு. அலுமினியம்னு நினைச்சுப் பேசுறார் போல. சாமிக்கு எஞ்சினே தெரியாது, பிரசங்கம் மட்டும் வருது.

சம்ப்_சாமி:
தகட்டுலயா மரை வெட்டுவாங்க? தகட்டுக்கு உள்ள வெல்ட் பண்ணின நட்டுலதான் மரை இருக்கு. இரும்புன்னா மெதுவாப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். வாஷரை மாத்துங்க.

ஃபிட்_நானா:
அக்வாக்காரங்க சண்டை பிடிங்க, நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம். ஆனா இதை வாசிச்சிட்டு யாரும் ஹொண்டா ஃபிட்டுக்குப் பழைய வாஷர் போட்டுறாதீங்க. இதுல சம்பும் அலுமினியம், வாஷரும் அலுமினியம். போல்ட் 14 மில்லிமீட்டர், தலைக்கு 17 ஸ்பானர். மரை போனா டேப்பால புது மரை வெட்டி, ஹெலிகொயில்ங்கிற கம்பிச் சுருள் போடணும். டேப் விடக்குள்ள அதுட பள்ளத்துல கிரீஸ் அப்பிட்டு விடுங்க, சீவல் அதுல ஒட்டிக்கிட்டு வெளிய வரும். அதுக்குப் பிறகு கொஞ்சம் பழைய ஒயிலை மேல ஊத்திக் கழுவி விடுங்க. இல்லாட்டி அலுமினியத் தூள் சம்புக்குள்ள தங்கிரும்.

சம்ப்_சாமி:
பார்த்தீங்களா, நானாவும் வாஷர்னுதான் சொல்றாரு.

ஃபிட்_நானா:
நான் ஹொண்டாவுக்குச் சொன்னேன். என்னை உங்கட கட்சியில சேர்க்காதீங்க. போன தரம் பிரேக் ஒயில் பேச்சுல டொட் 3-யும் டொட் 4-யும் கலந்தா பிரேக்கே போயிரும்னு நீங்க சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. அது ரெண்டும் கிளைக்கோல், கலக்கலாம். கலக்கக்கூடாதது சிலிக்கோன் டொட் 5. இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல்ல நீங்க.

சம்ப்_சாமி:
இங்க பேச்சு பிரேக் இல்ல. வாஷர்.

ரிங்ஸ்பானர்:
அண்ணை, வாஷரிலை பிழை இல்லை, கையிலைதான் பிழை. அக்வா போல்டுக்கு 37 நியூட்டன் மீட்டர் இறுக்கம் காணும். 20 சென்ரிமீற்றர் ஸ்பானரின்ரை நுனியிலை கிட்டத்தட்ட 19 கிலோ இழுவை. அதே கையாலை 40 சென்ரிமீற்றர் கம்பி பிடிச்சு இழுத்தியள் எண்டால் 74 ஆகுது. பிறகு வாஷர் புதுசோ பழசோ எண்டு கேட்டு என்ன பிரயோசனம்? இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் ரெஞ்ச் ஒண்டை நாலு பேர் சேர்ந்து வாங்குங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
இதைத்தான் நானும் சொன்னேன். வாஷர் பிரச்சினையே இல்ல.

ரிங்ஸ்பானர்:
நான் அப்பிடிச் சொல்லேல்லை.

சம்ப்_சாமி:
37 எண்டு புத்தகத்துல போட்டிருக்கிறது புது வாஷருக்கு. பழசு அந்த இறுக்கத்துல அடைக்காது, அதனாலதான் ஆக்கள் கம்பி தேடுறாங்க. நான் முதல்ல எழுதினதை ஒருத்தரும் வாசிக்கிறல்ல.

வெள்ளவத்தை_அக்வா:
மன்னிக்கணும், ஒரு கேள்வி. நாலு லீட்டரையும் முழுசா ஊத்தணுமா? ஹைபிரிட் எண்டபடியால் வேற ஏதும் கவனிக்க வேணுமா?

ரிங்ஸ்பானர்:
முழுக்க ஊத்தாதேங்கோ தங்கச்சி. பில்டரோடை மாத்தினால் 3.7 லீட்டர். மூண்டரை ஊத்தி, எஞ்சினை ஓடவிட்டு நிப்பாட்டி, அஞ்சு நிமிசம் பொறுத்து, சமதரையிலை டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை விடுங்கோ. கூடினால் சுத்துற கிராங்க் தண்டு ஒயிலை அடிச்சு நுரைக்கும். கழட்டேக்கை எஞ்சின் இளஞ்சூடு போதும். முக்கியமான விசயம், டாஷ்போர்டிலை ரெடி லைட் எரிஞ்சால் எஞ்சின் சத்தமில்லாமல் நிண்டாலும் தானாய் ஸ்டார்ட் வரும். முழுசா ஓஃப் பண்ணி, திறப்பைத் தூரத்திலை வையுங்கோ. ஜக்கை நம்பிக் கீழை போகாதேங்கோ, ஸ்டாண்ட் வைக்கவேணும்.

ஃபிட்_நானா:
பழைய பில்டர்ட ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அதையும் விரலால தடவிப் பாருங்க. அதுக்கு மேல புதுசைப் பூட்டினா ரெண்டு ரப்பர். ஸ்டார்ட் பண்ணின உடனே ஒயில் முழுக்க ரோட்டுல. புது ரப்பர்ல ஒயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுத்து, கையால. பில்டரை ஸ்பானர் போட்டு இறுக்குறவன் வாஷரைப் பத்திப் பேசக்கூடாது.

சம்ப்_சாமி:
யாரைச் சொல்றீங்க?

கொட்டாஞ்சேனைக்காரன்:
கொழும்பு வெயிலுக்கு 0டபிள்யூ-20யே தண்ணி மாதிரி, அதைப் பத்தி ஒருத்தரும் பேசல்ல. 20டபிள்யூ-50 போட்டா கசியவும் கசியாது, வாஷரும் வேணாம்.

ரிங்ஸ்பானர்:
வெளியிலை 32 பாகை எண்டாலும், எஞ்சினுக்குள்ளை சூட்டைத் தேர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். 0டபிள்யூ-20 எண்டதிலை பின்னாலை இருக்கிற 20, ஒயிலின்ரை தடிப்பை 100 பாகையிலை அளந்தது. ஹைபிரிட் எஞ்சின் சிக்னலுக்குச் சிக்னல் நிண்டு நிண்டு ஸ்டார்ட் வாறது. கட்டி ஒயில் மேலை போய்ச் சேர நேரமெடுக்கும். கசிவை அடைக்கக் கட்டி ஒயில் ஊத்துறது, கூரை ஒழுகுது எண்டு தண்ணீர்த் தொட்டியை மூடுற மாதிரி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
யாழ்ப்பாணத்துல இருந்து வந்து கொழும்பு வெயில் சொல்லித் தராங்க.

ரிங்ஸ்பானர்:
அங்கை இதைவிட வெயில்.

சம்ப்_சாமி:
ஒயில் கட்டியோ தண்ணியோ, வாஷரை மாத்துங்க.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சரி, செம்பு வாஷர் போடுறேன். அடுப்புல சிவக்கக் காய்ச்சித் தண்ணில போட்டா திரும்ப மெதுவாகும், ஒரே வாஷரை எத்தனை தரமும் போடலாம். இப்ப என்ன சொல்றீங்க?

சம்ப்_சாமி:
செம்புக்குச் சரி. அதை வாசிச்சிட்டு நாளைக்கு ஒருத்தன் அலுமினிய வாஷரை அடுப்புல வைப்பான், 660 பாகையில அது உருகி பேர்னர்ல ஊத்தும். வாஷர் மிச்சம் பிடிக்கக் காஸ் எரிக்கிறதாம்! காஸ் விலை தெரியுமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
உங்களுக்கு வாஷர்க் கடை இருக்குன்னு நேரா சொல்லிருங்க, முடிஞ்சுது.

சம்ப்_சாமி:
இருந்தா உங்களுக்கு விக்கமாட்டேன்.

வெள்ளவத்தை_அக்வா:
இதை எழுதிக்கொண்டே இருக்கிறீங்க. வடிச்ச பழைய ஒயிலை எங்க குடுக்கிறது?

ஃபிட்_நானா:
அதே கேன்ல ஊத்தி சேர்விஸ் ஸ்டேஷன்ல குடுங்க, எடுப்பாங்க. காணுக்குள்ள ஊத்தாதீங்க.

சம்ப்_சாமி:
அங்க போறபோது வாஷர் ஒண்ணும் வாங்கிட்டு வாங்க.

கொட்டாஞ்சேனைக்காரன்:
வாங்காதீங்க தங்கச்சி.