அடாப்டர் எழுதி அடிபட்டவர்கள் இங்கே வரலாம்

ஒற்றைக்குக்கி:
என் அடாப்டர், அதாவது இரண்டு வகைக் கோடுக்கு நடுவே மாற்றித் தரும் இணைப்பு, மொத்தமே 40 வரி. ஃபெட்ச் பாணியில் ரெஸ்பான்ஸ் தரும் புதுச் செயலியைப் பழைய நோட் சர்வருக்குள் உட்கார வைக்கும் வேலை. லூப்பில் ஹெடர்களை (பதிலோடு போகும் பெயர்-மதிப்புக் குறிப்புகளை) எடுத்து ஒவ்வொன்றுக்கும் நோட்டின் செட்ஹெடர், அவ்வளவுதான். சோதனையில் எல்லாம் சரி. லைவுக்குப் போனதும் ஒரே புகார்: லாகின் ஆகிறது, அடுத்த கிளிக்கிலேயே வெளியே தள்ளுகிறது. இரண்டு நாள் செஷன் கோடையே கிளறிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிரவுசரில் குக்கிப் பட்டியலைத் திறந்தால், டார்க் தீம் குக்கி மட்டும் ஒண்டியாக உட்கார்ந்திருக்கிறது. லாகினை நினைவில் வைக்கும் செஷன் குக்கியைக் காணோம். இரண்டு செட்-குக்கி ஹெடர் போகும்போது, இரண்டாவது செட்ஹெடர் முதலாவதை அழித்துவிட்டது. சோதனையில் தீம் மாற்றவே இல்லையே, எப்படித் தெரியும்!

அதோடு விட்டதா? கெட் மெதடில் எடுத்தால் இரண்டையும் கமா போட்டு ஒட்டித் தரும், கமாவில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலாவதித் தேதியில் கிழமைக்குப் பக்கத்திலும் ஒரு கமா இருக்கிறது. குக்கி நடுவில் அறுந்தது. கெட்செட்குக்கி என்று தனி மெதடே இருப்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது.

பதினைந்தெழுத்து:
எனக்கு அடி விழுந்தது முகவரியின் பாதைப் பகுதியில். விஸ்கி, அதாவது பைதான் செயலியும் வெப் சர்வரும் பேசிக்கொள்ளும் டபிள்யூஎஸ்ஜிஐ முறையில் வரும் ரிக்வெஸ்டை எங்கள் சொந்த ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டாக மாற்றினேன். முகவரியில் "தமிழ்" என்று இருந்தால் 404. லாகில் பார்த்தால் à, ® மாதிரி சம்பந்தமில்லாத குறிகளாக 15 நிற்கின்றன. ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், கணக்கு சரிதான். விஸ்கியின் விதி ஏடான பெப் 3333, பைட்டுகளை லத்தீன்-1 (ஒரு பைட்டுக்கு ஒரு குறி) சரமாகவே கையில் கொடுக்கிறது. திரும்ப லத்தீன்-1 பைட்டாக்கி யூடிஎஃப்-8ஆகப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பெருமையாக அதையே விஸ்கியின் அசிங்க் வாரிசான ஏஎஸ்ஜிஐ பக்கமும் கூப்பிட்டேன். அங்கே பாதை ஏற்கெனவே டிகோட் ஆகி வருகிறது. முதல் தமிழ் முகவரியிலேயே 500, அதாவது சர்வர் பிழை.

கறார்:
ஒற்றைக்குக்கி செட்ஹெடர் மேல் பழியைப் போடுகிறார். தவறு அங்கே இல்லை, ஹெடர் என்றால் ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு வைக்கும் டிக்ஷனரி என்று நினைத்ததில் இருக்கிறது. என் கதை சின்னது: பிஎஸ்ஆர்-7 (பிஎச்பியின் ரிக்வெஸ்ட்-ரெஸ்பான்ஸ் தரம்) மிடில்வேரில் வித்ஹெடரைக் கூப்பிட்டு, ஹெடர் சேர்ந்த புதுப் பிரதியாகத் திரும்பி வந்த ஆப்ஜெக்டை வாங்கவே இல்லை. பழையது மாறாது, பிழையும் வராது. பாதுகாப்பு ஹெடர் ஒரு மாதம் போகவே இல்லை.

சரி, எல்லோருக்குமாகச் சொல்கிறேன். ஹெடரை எப்போதும் பெயர்-மதிப்பு ஜோடிகளின் பட்டியலாகவே கடத்துங்கள். பெயரைச் சிறிய எழுத்தில் ஒப்பிடுங்கள். பாடியை, அதாவது உள்ளடக்கத்தை, லாக் போடவென்று படித்தால் ஸ்ட்ரீம் கடைசியில் நின்றுவிடும், ரீவைண்ட் செய்யாமல் அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள். ரீவைண்ட் ஆகாத ஸ்ட்ரீம் என்றால் படிக்கவே படிக்காதீர்கள். ஃபெட்சில் வாங்கிய ரெஸ்பான்ஸை அப்படியே முன்னே அனுப்பினால் கன்டென்ட்-என்கோடிங், கன்டென்ட்-லெங்த் இரண்டையும் கழற்றுங்கள். பாடி ஏற்கெனவே விரிந்துவிட்டது, ஹெடர் மட்டும் ஜிசிப், அதாவது சுருக்கியது, என்று சொல்லிக்கொண்டிருக்கும், பிரவுசர் நம்பி ஏமாறும். ப்ராக்சிக்கு, அதாவது இடைத்தரகு சர்வருக்கு, பின்னால் இருந்தால் ஸ்கீம் எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்று யாரைக் கேட்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

பதினைந்தெழுத்து:
கறார், ஜோடிப் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்காது. விஸ்கியில் ரிக்வெஸ்ட் ஹெடர் வருவதே என்விரான் டிக்ஷனரியில்தான். ஹைஃபன் எல்லாம் அண்டர்ஸ்கோர் ஆகியிருக்கும், முதலில் எது இருந்தது என்று திரும்பப் பிரிக்கவும் முடியாது. என் கையில் வரும்போதே அது கூழ்.

தொங்கல்:
சண்டைக்கு நடுவே என்னுடையது. விஸ்கி செயலி திருப்பித் தரும் இட்டரபிளை (ஒவ்வொன்றாக எடுக்கும் துண்டு வரிசையை) நான் துண்டு துண்டாக அனுப்பினேன், கடைசியில் குளோஸ் கூப்பிடவில்லை. டேட்டாபேஸ் இணைப்பை விடுவது அந்த குளோஸுக்குள் இருந்தது. பூலில், அதாவது பகிர்ந்துகொள்ளும் இணைப்புத் தொகுப்பில், 20 இணைப்பு. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் பறக்கும், 20 ரிக்வெஸ்ட் வரை பறக்கும். 21ஆவது தொங்கும். மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து, மூன்று தடவையும் விரல்விட்டு எண்ணினேன். மூன்றிலும் சரியாக 21. பிரவுசரில் அந்த லோடிங் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒற்றைக்குக்கி:
கறார், நான் அறிவுரை கேட்கவில்லை. ஆனால் அந்த ஜிசிப் விஷயம்... எங்கள் அடாப்டரைத் திறந்து பார்த்தேன். கழற்றவில்லை. போய்விட்டு வருகிறேன்.