இழை: வலையமைப்பு மாறும் உள்ளூர் நிலையத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

இதழியல் பாடநூல் ஒன்றில் அமெரிக்கத் தொலைக்காட்சி பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை படியை ஒப்படைக்க வேண்டும். ‘அஃபிலியேட்’ என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது. நம்மூரில் சேனல் என்றால் நிகழ்ச்சி, பெயர், ஒளிபரப்பு எல்லாம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். அங்கே நகரந்தோறும் தனி உரிமமும் தனி எண்ணும் கொண்ட நிலையங்கள் இருக்கின்றன; அவற்றுள் பல, நாடு முழுதுக்கும் நிகழ்ச்சி வழங்கும் சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ் போன்ற வலையமைப்பு (நெட்வொர்க்) ஒன்றோடு ஒப்பந்தம் செய்து தொடர்களையும் விளையாட்டையும் பெற்றுக்கொண்டு, உள்ளூர்ச் செய்தியைத் தாமே தயாரிக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தால் வேறு வலையமைப்போடு சேரலாம்.

நூலில் உள்ள எடுத்துக்காட்டு டெட்ராய்ட். 1993 டிசம்பரில் ஃபாக்ஸ் நிறுவனம், சி.பி.எஸ். வசமிருந்த, அமெரிக்கக் கால்பந்துத் தொடரின் ஒரு பாதியான என்.எஃப்.சி. பிரிவு ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை நான்காண்டுகளுக்கு 158 கோடி டாலர் கொடுத்துத் தட்டிக்கொண்டு போனது. 1994 மே மாதம், பல நிலையங்களுக்கு உரிமையாளரான நியூ வேர்ல்டு நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்து, அதன் நிலையங்கள் பன்னிரண்டைத் தன் பக்கம் இழுத்தது. அவற்றுள் ஒன்றான, அதுவரை சி.பி.எஸ்.ஸோடு இருந்த டெட்ராய்ட் 2ஆம் எண் நிலையம் அவ்வாண்டு டிசம்பர் 11இல் ஃபாக்ஸோடு சேர்ந்தது. வேறு இடம் கிடைக்காத சி.பி.எஸ்., 62ஆம் எண் நிலையத்தை 2.4 கோடி டாலருக்கு விலைபேசி அங்கே குடியேறியது. ‘கிளை நிலையம்’ இங்கே பொருந்தாது. கிளை இன்னொரு மரத்துக்குப் போகாது. நிலையத்துக்கு ஒரு சொல்லும் மாறுவதற்கு ஒரு சொல்லும் வேண்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

—

அன்புடையீர்,

‘சார்பு நிலையம்’ என்று யாரேனும் எழுதுமுன் தடுத்துவிடுகிறேன். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் தொல்காப்பியர் சார்ந்து வருவன என்றது, அவை தனித்து இயங்கா என்பதால். உரிமமும் உரிமையாளரும் தனியே உள்ள நிலையத்தை அந்த வரிசையில் வைக்கலாகாது. என் பரிந்துரை ‘பிணை நிலையம்’. பிணைதல், பிணையல், பிணையம் யாவும் ஒரு வேரின. தொல்காப்பிய மரபியலில் பெண்மைப் பெயர்களுள் பிணையும் எண்ணப்படுகிறது. கலைமானோடு பிணைந்து திரிவதால் பெண்மானுக்கு அப்பெயர் வந்திருக்குமோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. நிலையமும் வலையமைப்பும் அவ்வாறே.

தஞ்சாவூரிலிருந்து

—

வணக்கம் ஐயா.

மானை விட்டுவிடுவோம். பிணை என்றதும் மாணவருக்கு நீதிமன்றமே நினைவுக்கு வரும்; நிலையம் ஜாமீனில் வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். சார்பு என்ற சொல்லை இலக்கணத்தோடு நிறுத்திவிட்டீர்கள். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்கிறது சைவ சித்தாந்தம். சி.பி.எஸ்.ஸைச் சார்ந்திருந்தபோது அதன் வண்ணம், ஃபாக்ஸைச் சார்ந்தபின் இதன் வண்ணம். உள்ளிருக்கும் நிலையம் ஒன்றே. ‘சார்பு நிலையம்’, ‘சார்பு மாற்றம்’ என்பவற்றைவிடத் துல்லியமாக என்ன கிடைக்கும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

—

நண்பர்களே,

டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில், பார்வையாளர் பக்கத்தையும் கருதச் சொல்வேன். எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் கால்பந்து அணியின் ஆட்டங்களைச் சி.பி.எஸ். ஒளிபரப்பியபோது 2இல் பார்த்தவர்கள், 1994 செப்டம்பரில் அன்றைய ஃபாக்ஸ் நிலையமான 50க்குப் போனார்கள். டிசம்பரில் மறுபடியும் 2க்கே திரும்பினார்கள். சி.பி.எஸ். தொடர்களைத் தேடியவர்களுக்கோ 62 கிடைத்தது. அது யு.எச்.எஃப். என்னும் உயர் அலைவெண்ணில் ஒளிபரப்பும் நிலையம் என்பதால், கேபிள் இல்லாத வீட்டில் 2ஆம் எண் தெளிவாகத் தெரிந்த அதே ஆன்டெனாவில் 62 புள்ளிபுள்ளியாகத் தெரிவது இயல்பு. பல ஆண்டுகளுக்கு அங்கே முழு அளவிலான உள்ளூர்ச் செய்திப் பிரிவும் இல்லை. பழகிய செய்தியாளர்கள் 2இலேயே இருந்தார்கள்.

இன்னொரு தரப்பை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 62ஆம் எண் 1975இல் தொடங்கியபோது, அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் தொலைக்காட்சி நிலையம் அது. சி.பி.எஸ். வந்ததும் அந்த மக்கள் தங்கள் நிலையத்தையே இழந்தார்கள். ஆகவே, இடம்பெயர்வது வலையமைப்பு என்பதைச் சொல் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு ஒரு கேள்வி: 2025 ஆகஸ்டில் மயாமி 10ஆம் எண் நிலையம் ஏ.பி.சி.யை விட்டு எந்த வலையமைப்போடும் சேராமல் நிற்கத் தொடங்கியதே, அதை எந்தச் சார்பில் அடக்குவீர்கள்?

—

அன்பர்களுக்கு,

பத்திரிகை மேசையில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிறேன்: ‘வலையமைப்புத் தாவல்’ என்றால் என்ன குறை? கட்சித் தாவல் தெரியாத தமிழர் உண்டா? சித்தாந்தம் படித்தவருக்கு மட்டும் விளங்கும் சொல்லை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார்?

கோவையிலிருந்து

—

கோவை நண்பருக்கு,

விளங்கும்தான், ஆனால் தாவலில் பழி ஒட்டியிருக்கிறது. பாஸ்டனில் 2017 சனவரி 1 முதல் 7ஆம் எண் நிலையத்துக்கு என்.பி.சி. இல்லை. நிலையம் விலக விரும்பவில்லை, வழக்குக்கே போனது. என்.பி.சி. தனக்கென ஒரு நிலையத்தை நடத்த முடிவு செய்து ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அங்கே தாவியவர் யார்? பல்கலைக்கழகத்தில் ‘இணைவு பெற்ற கல்லூரி’ என்கிறோம். ஆகவே ‘இணைவு நிலையம்’, ‘இணைவு மாற்றம்’ என்று எழுதத் துணிகிறேன். ‘இணைப்பு மாற்றம்’ என்றால் கேபிள்காரரை மாற்றியதாகப் பொருள் வரும், அதனால்தான் இணைவு. ஆதரவு எத்தனை?

மதுரையிலிருந்து

—

மிச்சிகனும் கோவையும் அரைமனத்தோடு ஆதரவு தெரிவித்தாயிற்று என்று நினைக்கிறேன். தஞ்சை ஐயா மௌனம். நான் உடன்படவில்லை. பல்கலைக்கழகம் கல்லூரியைச் சோதனையிடும், பட்டம் வழங்கும். வலையமைப்புக்கு அந்த அதிகாரம் இல்லை. மயாமி நிலையம் ஏ.பி.சி.யை விட்டதே தவிர, உரிமத்தையும் ஊரையும் சார்ந்துதான் நிற்கிறது. பாடநூலில் இணைவு வரட்டும். அடிக்குறிப்பில் சார்புக்கு ஒரு வரி கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

—

ஐயா, பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு கூடாது என்கிறார். சொல்லடைவில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து